ஷவரில் சூடு நிலைக்காதது ஏன்? காரணத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்கும் வழி

வாளியில் வெந்நீர் விளாவிக் குளிப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. பாதி வாளி வெந்நீர், மீதிக்குப் பச்சைத் தண்ணீர், கையை விட்டுப் பார்த்து ஒருமுறை சரிசெய்துகொண்டால் கடைசிக் குவளை வரை ஒரே பதம். ஷவரில் நிற்பவருக்கு அந்த வசதி கிடையாது. அங்கே விளாவும் வேலையைச் சுவரில் பதித்த மிக்ஸர் குழாய் செய்கிறது. ஒவ்வொரு வினாடியும் புதிதாகச் செய்கிறது. ஒரு பக்கம் வெந்நீர், மறுபக்கம் பச்சைத் தண்ணீர். இரண்டும் எந்த விகிதத்தில் வந்து சேர்கின்றனவோ அதுவே தலையில் விழும் நீரின் சூடு. விகிதம் ஆடினால் சூடும் ஆடும்.

எனவே ஷவர் ஒரு நிமிடம் சுட்டு, அடுத்த நிமிடம் குளிர்ந்து விளையாட்டுக் காட்டும்போது உடனே கீசரைக் குற்றவாளியாக்குவது பெரும்பாலும் வீண். சேமிப்புத் தொட்டி உள்ள கீசர் பழுதானால் வெந்நீர் வராது, அல்லது வெதுவெதுப்பாக மட்டும் வரும், அல்லது சீக்கிரம் தீர்ந்துபோகும். சூடு, குளிர், மறுபடி சூடு என்று ஊசலாடுவது அதன் வழக்கமில்லை. புதிய கீசர் வாங்கி மாட்டிய பிறகும் பழைய தொல்லை அப்படியே தொடர்கிறது என்று புலம்பும் வீடுகள் நிறைய உண்டு. பழுது அங்கே இல்லாதபோது தொல்லை எப்படித் தீரும்?

விளாவும் கணக்கு

சென்னை போன்ற ஊரில் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். கீசர் 60 டிகிரியில் இருக்கிறது. குளிக்க இதமான சூடு 40 டிகிரிக்கு அருகில். நிமிடத்துக்கு 3 லிட்டர் வெந்நீரும் 5 லிட்டர் பச்சைத் தண்ணீரும் சேர்ந்தால் சரியாக 40 டிகிரி வரும். இப்போது யாரோ அடுக்களையில் குழாயைத் திறக்கிறார்கள். பச்சைத் தண்ணீர் 5 லிட்டரிலிருந்து 3 லிட்டராகக் குறைகிறது. வெந்நீர் அதே 3 லிட்டர். கலவை 44 டிகிரிக்கு ஏறிவிடும். நான்கு டிகிரி என்பது காகிதத்தில் சின்ன எண். தோலுக்கு அது பெரிய வித்தியாசம். பின்வாங்கி நின்று கத்த வைக்கும் அளவுக்குப் போதும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அடுக்களைக் குழாய் திறந்தபோது வெந்நீரும் அதே அளவுக்குக் குறைந்திருந்தால், ஷவரின் வேகம் மட்டும் தணிந்திருக்கும், சூடு மாறியிருக்காது. ஒரு பக்கம் மட்டும் குறைவதுதான் சிக்கல். குளியலறைக்குள் வரும் ஒரே குழாயிலிருந்து கீசருக்கும் மிக்ஸருக்கும் தண்ணீர் பிரிந்தால், வெளியே யார் எதைத் திறந்தாலும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சேர்ந்தே தாழும். மாறாக, கீசருக்கு ஒரு குழாய் மாடியிலிருந்து நேராக இறங்கி, மிக்ஸரின் பச்சைத் தண்ணீர் மட்டும் அடுக்களை, கழிப்பறை எல்லாவற்றுக்கும் போகும் பொதுக் குழாயிலிருந்து வந்தால், அந்த வீட்டில் ஷவர் சண்டை ஓயாது.

அடுத்தது, தொட்டியின் உயரம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீரின் அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம். மேல்மாடி வீட்டின் ஷவருக்கும் மொட்டை மாடித் தொட்டிக்கும் இடையே இரண்டு மீட்டர்தான் இருக்கும் என்றால் அழுத்தம் வெறும் 0.2 பார். அதே கட்டிடத்தில் மூன்று தளம் கீழே இருப்பவருக்கு 1.1 பார் கிடைக்கிறது. ஒரு குழாயைத் திறந்ததால் 0.1 பார் குறைகிறது என்றால், கீழ்வீட்டுக்காரருக்கு அது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மேல்வீட்டுக்காரருக்குப் பாதி போய்விட்டது. அடுக்குமாடியில் இந்தப் புகார் மேல்தளத்திலிருந்தே அதிகம் வருவதற்குக் காரணம் இதுதான். கீழ்வீட்டுக்காரர் ‘எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லையே’ என்று சொல்வதும் உண்மையே.

எப்போது மாறுகிறது என்று பாருங்கள்

ஸ்பானரை எடுப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் கவனித்துப் பார்ப்பது நல்லது. வீட்டில் வேறு எந்தக் குழாயும் ஓடாத நேரத்தில் குளிக்கும்போது சூடு நிலையாக இருக்கிறதா? வேறொருவர் வாளி பிடிக்கும்போதோ, ஃபிளஷ் தொட்டி நிறையும்போதோ, வாஷிங் மெஷின் தண்ணீர் இழுக்கும்போதோ மட்டும் மாறுகிறதா? அப்படியானால் அது அழுத்தப் பிரச்சினை. யாரும் எதையும் தொடாதபோதே சீரான இடைவெளியில் ஏறி இறங்குகிறது என்றால் பிரஷர் பம்ப்பையோ உடனடி கீசரையோ பார்க்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் நன்றாக இருந்து, பிறகு மெல்ல மெல்லக் குளிர்ந்து, திரும்பச் சூடாகவே இல்லை என்றால் கீசரில் வெந்நீர் தீர்ந்துவிட்டது. அதற்கு ஊசலாட்டம் என்று பெயரில்லை. வெந்நீரை முழுதாகத் திறந்தாலும் ஆரம்பத்திலிருந்தே சூடு போதவில்லை, ஆனால் பக்கத்துக் குழாயில் வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வருகிறது என்றால் மிக்ஸருக்குள்தான் கோளாறு.

இன்னொரு காரணம் நம் கையிலேயே இருக்கிறது. கீசரிலிருந்து மிக்ஸருக்கு வரும் அரை இஞ்சுக் குழாய் மூன்று மீட்டர் நீளம் என்றால் அதற்குள் ஏறத்தாழ அரை லிட்டர் தண்ணீர் குளிர்ந்துபோய் நிற்கும். நிமிடத்துக்கு 3 லிட்டர் வேகத்தில் அது வெளியேறப் பத்து வினாடி ஆகும். அந்தப் பத்து வினாடி பொறுக்காமல் ‘இன்னும் குளிர்கிறதே’ என்று வெந்நீரைக் கூட்டுகிறோம். உண்மையான வெந்நீர் வந்து சேரும்போது சுடுகிறது. பதறிப்போய்க் குறைக்கிறோம். பாதி ஊசலாட்டம் இப்படித்தான் உண்டாகிறது. திருகியபின் கையை எடுத்துவிட்டுப் பத்து வினாடி நில்லுங்கள்; அதற்கப்புறமும் சூடு அலைந்தால்தான் அதைப் பழுது என்று கருத வேண்டும்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை

முதலில் ஷவர் தலையைக் கழற்றுங்கள். போர் தண்ணீர் வரும் வீடுகளில் அதன் துளைகள் உப்புப் படிந்து பாதிக்கு மேல் அடைத்திருக்கும். அடைப்புக்கும் சூட்டுக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். தொடர்பு இருக்கிறது. வெளியேறும் வழி குறுகினால் தண்ணீர் மிக்ஸருக்குள் தேங்கி எதிர்த்து நிற்கும். அப்போது இரண்டு பக்கத்தில் எதற்கு அழுத்தம் சற்றுக் கூடுதலோ அது மற்றதைத் தள்ளிவிட்டு வரும். வழி திறந்திருந்தால் இரண்டும் தாராளமாக ஓடும். ஷவர் தலை இல்லாமல் வெறும் குழாயில் தண்ணீரை விட்டுப் பாருங்கள். சூடு நிலையாகிவிட்டதா? பிழை ஷவர் தலையில். அதை வினிகரிலோ, எலுமிச்சை உப்பு என்று கடையில் விற்கும் சிட்ரிக் அமிலம் கரைத்த நீரிலோ இரவு முழுதும் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போதும். முலாம் பூசிய உலோகத் தலையாக இருந்தால் அவ்வளவு நேரம் வேண்டாம்; ஒரு மணி நேரத்தில் எடுத்துப் பாருங்கள், முலாம் மங்கிவிடக் கூடாது.

பிறகு கீசருக்கு அடியில் இருக்கும் ஆங்கிள் வால்வுகளைப் பாருங்கள். எப்போதோ பழுது பார்க்க வந்தவர் மூடிவிட்டுப் பாதி மட்டும் திறந்து போயிருப்பார். யாருக்கும் தெரியாது. வெந்நீர் வரத்து என்றைக்கும் சன்னமாகவே இருக்கும். முழுதாகத் திறந்துவிடுங்கள். மிக்ஸர் சுவருடன் சேரும் இடத்தில் சில மாதிரிகளில் சின்ன வலைச் சல்லடை உண்டு. மணலும் துருத் துணுக்கும் அங்கே சிக்கும். அதைக் கழற்றுமுன் தண்ணீரை மேலே மூடிவிட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

மூன்றாவது, கீசரின் சூட்டைக் குறைப்பது. பலரும் திருகை உச்சத்தில் வைத்திருப்பார்கள். பல மாதிரிகளில் அது 75 டிகிரி. சூடு கூட இருந்தால் நல்லதுதானே என்று நினைப்பு. மேலே போட்ட கணக்கையே திரும்பப் போடுவோம். 75 டிகிரி வெந்நீரை வைத்து 40 டிகிரி விளாவ, 2 லிட்டர் வெந்நீருக்கு 6 லிட்டர் பச்சைத் தண்ணீர் வேண்டும். பச்சைத் தண்ணீர் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தால் சூடு ஏறத்தாழ 45ஐத் தொடும். கீசர் 60 டிகிரியில் இருந்தால் 44. 50 டிகிரியில் இருந்தால் 43ஐக்கூடத் தாண்டாது. வெந்நீரின் சூடு நமக்கு வேண்டிய சூட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, விகிதம் பிசகும்போது ஆபத்து அவ்வளவு குறைவு. இதைவிடச் சுலபமான மருந்து வேறில்லை. ஒரு திருகைத் திருப்பினால் முடிந்தது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. 15 லிட்டர் கீசர் 60 டிகிரியில் இருந்தால் அதை விளாவி 40 லிட்டர் வரை எடுக்கலாம். 50 டிகிரியில் 27 லிட்டர்தான். இருவர் அடுத்தடுத்துக் குளிக்கும் வீட்டில் இது உறைக்கும். இன்னொன்று: நாள் முழுதும் மின்சாரத்திலேயே விட்டுவைக்கும் கீசரை 40, 45 டிகிரியில் வைக்கக் கூடாது. லெஜியோனெல்லா என்ற நோய்க்கிருமி வெதுவெதுப்பான நீரில் வளரும். 60 டிகிரியில் அழியும். குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் மறுபக்கமும் பார்க்க வேண்டும்: 60 டிகிரி நீர் பட்டால் சில வினாடிகளில் தோல் வெந்துவிடும், 50 டிகிரிக்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். குழந்தையின் தோலுக்கு இன்னும் குறைந்த நேரமே போதும். என் கணிப்பில் சாதாரண வீட்டுக்கு 55 முதல் 60 வரை சரியான இடம்.

மிக்ஸருக்குள் நடக்கும் கடத்தல்

வெந்நீர்க் குழாயும் தண்ணீர்க் குழாயும் வீட்டில் சந்திக்கும் இடம் மிக்ஸர் ஒன்றுதான். அங்கே தடுப்பு தேய்ந்துபோனால், அழுத்தம் கூடிய பக்கத்துத் தண்ணீர் மற்றப் பக்கத்துக் குழாய்க்குள்ளேயே நுழைந்துவிடும். இந்தக் கடத்தல் கண்ணுக்குத் தெரியாது, ஒழுகாது, சத்தம் போடாது. விளைவு மட்டும் தெரியும்: வெந்நீர்க் குழாயில் வெந்நீரே நீர்த்துப்போய் வரும். வேடிக்கை என்னவென்றால், குற்றவாளி நீங்கள் குளிக்கும் ஷவராக இருக்க வேண்டியதில்லை. அடுத்த குளியலறையின் மிக்ஸராகவோ அடுக்களை சிங்க்கின் ஒற்றைக் கைப்பிடிக் குழாயாகவோ இருக்கலாம், அவையும் அதே கீசரில் இணைந்திருந்தால்.

கண்டுபிடிக்க ஒரு நல்ல சோதனை உண்டு. முதலில் கீசரின் மின் இணைப்பை அணைத்துவிடுங்கள். பிறகு கீசருக்குள் தண்ணீர் நுழையும் வால்வை முழுதாக மூடுங்கள். இப்போது ஷவரில் வெந்நீர்ப் பக்கத்தை மட்டும் திறங்கள். குழாயில் மிச்சமிருந்த கொஞ்சம் நீர் வடிந்து நின்றுவிட வேண்டும். உள்ளே வராத தண்ணீர் வெளியே எப்படி வரும்? நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், எங்கோ ஒரு மிக்ஸர் வழியாகப் பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்து வருகிறது என்று பொருள். ஒவ்வொரு மிக்ஸரின் பச்சைத் தண்ணீர் வால்வையும் ஒன்றன்பின் ஒன்றாக மூடிப் பாருங்கள். எதை மூடும்போது ஓட்டம் நிற்கிறதோ அங்கே இருக்கிறது வழி.

சில நேரம் எதுவும் தேய்ந்திருக்காது; பழக்கம்தான் காரணமாக இருக்கும். பொத்தானை அழுத்தி நிறுத்தும் கைஷவர் இருந்தால், மிக்ஸரின் இரண்டு திருகுகளையும் திறந்தே வைத்துவிட்டுப் பொத்தானில் மட்டும் நிறுத்துவோர் உண்டு. வெளிவாசல் அடைத்து, உள்வாசல் இரண்டும் திறந்து கிடந்தால் இரு தண்ணீரும் ஒன்றோடொன்று கலந்து ஓடத் தடையே இல்லை. கைஷவரில் நிறுத்தினாலும் மிக்ஸரையும் மூடும் வழக்கத்தைக் கொண்டுவந்தால் பணம் செலவில்லாமல் தீரும்.

தேய்ந்தது என்றால் மாற்ற வேண்டியதுதான். ஒற்றைக் கைப்பிடி மிக்ஸருக்குள் பீங்கான் தகடுகள் வைத்த கார்ட்ரிட்ஜ் இருக்கும். 35 மில்லிமீட்டர், 40 மில்லிமீட்டர் என்று அளவு உண்டு. பழையதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போவதே நல்லது. அளவு ஒன்றாக இருந்தாலும் அடியில் உள்ள காலும் துளையும் மாதிரிக்கு மாதிரி மாறும். இரண்டு திருகு உள்ள பழைய மிக்ஸரில் ஸ்பிண்டில் என்ற திருகுத் தண்டும் ரப்பர் வாஷரும் இருக்கும். ரப்பர் வாஷரிடம் ஒரு குணம் உண்டு: வெந்நீர் பட்டதும் உப்பும். கொஞ்சமாகத் திறந்து வைத்திருந்தால், உப்பிய வாஷர் இடைவெளியை இன்னும் குறுக்கி வெந்நீரைக் குறைத்துவிடும். ‘தொடவே இல்லை, தானாகக் குளிர்கிறது’ என்று வீட்டில் சொல்வதை நம்பாமல் சிரிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பித்தளை ஸ்பிண்டிலுக்குப் பதில் கால்வட்டம் திருப்பும் பீங்கான் ஸ்பிண்டில் பொருந்தும் மாதிரி என்றால் அதை மாட்டுவது மேல்.

கார்ட்ரிட்ஜ் மாற்றினாலும், அழுத்த வேறுபாடு பெரிதாக இருக்கும் வீட்டில் மிக்ஸரின் இரு நுழைவாயிலிலும் ஒருவழி வால்வு பொருத்தச் சொல்லுங்கள். பிளம்பர்கள் நான்-ரிட்டர்ன் வால்வு என்பார்கள். தண்ணீர் ஒரு திசையில் மட்டுமே போகும், கடத்தலுக்கு இடமில்லை.

பம்ப் வைத்த வீடுகள்

மேல்தளத்தில் அழுத்தம் போதவில்லை என்று பிரஷர் பம்ப் வைத்தவர்களுக்குத் தனிக் கதை. சாதாரண பம்ப் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில் தொடங்கும், இன்னொரு அழுத்தத்தில் நிற்கும். குழாய் சிறிதளவே திறந்திருந்தால் தொடங்குவதும் நிற்பதுமாகத் துடித்துக்கொண்டே இருக்கும். ஷவரின் வேகமும் கூடவே ஏறி இறங்கும். பம்ப்புடன் இருக்கும் சிறிய அழுத்தத் தொட்டிக்குள் ஒரு ரப்பர் பையும் காற்றும் உண்டு. இந்தத் துடிப்பைத் தாங்கிக்கொள்வது அந்தக் காற்றின் வேலை. நாளாவட்டத்தில் காற்று குறைந்தால் துடிப்பு அப்படியே குழாய்க்கு வந்துவிடும். குளிக்கும்போது பம்ப் சத்தத்தைக் கேளுங்கள். அது தொடங்கும்போதும் நிற்கும்போதும் சூடு மாறினால் காற்றை நிரப்பச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் பம்ப் உண்டு, விலை கூடுதல்.

மோசமான பிழை வேறொன்று. பம்ப்பைப் பச்சைத் தண்ணீர்க் குழாயில் மட்டும் இணைத்துவிட்டு, கீசரை மாடித் தொட்டியின் இயல்பான அழுத்தத்திலேயே விட்டுவிடுவது. சூரிய வெந்நீர்க் கருவி வைத்த வீடுகளிலும் இது நடக்கிறது: வெந்நீர் மாடியிலிருந்து தானாக இறங்கும், பச்சைத் தண்ணீர் பம்ப்பில் பாய்ந்து வரும். ஒன்றரை பார் அழுத்தத்துக்கு முன்னால் 0.2 பார் என்ன செய்யும்? கைப்பிடியை ஒரு நூல் அளவு நகர்த்தினால் முழுக் குளிர், இன்னொரு நூல் நகர்த்தினால் முழுச் சூடு; நடுவில் நிற்கவே நிற்காது. இதற்குக் கார்ட்ரிட்ஜ் மாற்றிப் பயனில்லை. வெந்நீரும் தண்ணீரும் ஒரே தொட்டியிலிருந்து, ஒரே அழுத்தத்தில் வரும்படி குழாய்களைத் திருத்த வேண்டும். பம்ப் வைத்தால் அது கீசருக்கும் சேர்த்துத் தள்ள வேண்டும். அதற்குமுன் கீசரின் முத்திரைத் தகட்டில் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சூரியக் கருவிகளில் அழுத்தம் தாங்காத வகையே வீடுகளில் அதிகம். அவற்றுக்குள் பம்ப் அழுத்தத்தை விடக் கூடாது, அங்கே பச்சைத் தண்ணீரையும் பம்ப் இல்லாமல் இறக்குவதே வழி.

கீசரே காரணமாகும் இடங்கள்

15 லிட்டர் கீசர் ஷவருக்கு எவ்வளவு நேரம் தாங்கும்? நிமிடத்துக்கு 8 லிட்டர் விழும் ஷவருக்கு, மேலே சொன்ன 40 லிட்டர் ஐந்து நிமிடம். உள்ளே நீரைச் சூடாக்கும் 2 கிலோவாட் மின்கம்பிச் சுருள் (காயில்) ஓடிக்கொண்டே இருந்தாலும் அதனால் 40 டிகிரி நீராக நிமிடத்துக்கு இரண்டரை லிட்டருக்கும் குறைவாகத்தான் தர முடியும். ஆக, ஆறேழு நிமிடத்தில் குளிர்வது பழுதில்லை, கீசர் சிறியது. மறுபடி நிறைந்த தொட்டி 60 டிகிரிக்கு வரப் பதினேழு நிமிடம் ஆகும்.

இரண்டே நிமிடத்தில் குளிர்ந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். சுவரில் தொங்கும் கீசரில் இரண்டு குழாய்களும் அடியில்தான் இருக்கும். நீல வளையம் உள்ளே போகும் தண்ணீருக்கு, சிவப்பு வளையம் வெளியேறும் வெந்நீருக்கு. வெளியேறும் குழாய் உள்ளே தொட்டியின் உச்சி வரை நீண்டிருக்கும், சூடான நீர் மேலே நிற்பதால். இரண்டையும் மாற்றி இணைத்துவிட்டால் பச்சைத் தண்ணீர் உச்சியில் கொட்டி, வெந்நீருடன் கலந்து, அடியிலிருந்து வெதுவெதுப்பாக வெளியே வரும். புதிதாக மாட்டிய நாள் முதலே ‘இந்த கீசர் சரியில்லை’ என்று தோன்றினால் முதலில் நிறங்களைப் பாருங்கள். பழைய கீசரில் அந்த உள்குழாய் அரித்து ஓட்டையானாலும் இதே விளைவு. உப்புப் படிந்த சுருளும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் சோர்ந்துபோவதும் சூட்டைக் குறைக்கும். இவற்றைத் திறந்து பார்ப்பது வீட்டுக்காரரின் வேலையில்லை. சுவிட்சை மட்டும் நம்பாமல் மின்பலகையில் உள்ள எம்.சி.பி. என்ற மின்துண்டிப்பானை இறக்கிவிட்டு மின்பணியாளரை அழையுங்கள். கூடவே எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று லிட்டர் உடனடி கீசரில் ஷவர் எடுப்பவர்கள் வேறு விதமாக யோசிக்க வேண்டும். 3 கிலோவாட் சக்தி 28 டிகிரி நீரை 40 டிகிரிக்கு நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் வீதம்தான் தொடர்ந்து தரும். அதற்கு மேல் ஓடவிட்டால் முதலில் உள்ளே இருந்த மூன்று லிட்டர் சுடும், பிறகு குளிரும். அது பாத்திரம் துலக்கவும் முகம் கழுவவும் வந்த கருவி. ஷவருக்கு வைத்தே ஆக வேண்டும் என்றால் பச்சைத் தண்ணீரைக் கலக்காமல் வெந்நீரை மட்டும் திறந்து, ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்துச் சூட்டைச் சரிசெய்யுங்கள்.

எரிவாயு கீசருக்கும் இந்த விதிதான், இன்னும் கறாராக. தண்ணீர் ஒரு குறைந்தபட்ச வேகத்தில் ஓடினால்தான் அதில் தீ பற்றும். சுடுகிறதே என்று பச்சைத் தண்ணீரைக் கூட்டினால் வெந்நீரின் ஓட்டம் குறைந்து தீ அணையும். குளிர்கிறதே என்று குறைத்தால் மறுபடி பற்றும். இப்படியே போய்க்கொண்டிருக்கும். சூட்டைக் கருவியில் உள்ள திருகில் குறைத்துக்கொண்டு, குழாயில் வெந்நீரை முழுதாகத் திறப்பதே சரி. எரிவாயு கீசரைக் குளியலறைக்குள் மட்டும் வைக்கவே கூடாது. மூடிய அறையில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும்; மணமில்லை, நிறமில்லை, மயக்கம் வந்தபிறகு கதவைத் திறக்கக்கூட வலு இருக்காது. உயிர்ச்சேதம் நடந்த செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன.

சித்திரை வெயிலில் இன்னொரு கூத்து

கோடையில் கீசரைத் தொடாமலேயே ஷவர் சுடும். மொட்டை மாடியில் வெயிலில் கிடக்கும் குழாயில் நிற்கும் நீர் பிற்பகலில் கையை வைக்க முடியாத அளவு காய்ந்திருக்கும். முதலில் அது வரும், பிறகு சற்றுக் குளிர்ந்த தொட்டி நீர் வரும், இடையில் யாராவது வேறு குழாயைத் திறந்து மூடினால் மறுபடி சூடு. இதை மிக்ஸரில் தேடினால் கிடைக்காது. குழாய்க்கு வெயில் தாங்கும் நுரை உறை போடுவது, தொட்டிக்கு வெள்ளை வண்ணமோ நிழலோ தருவது, முடிந்தால் குழாயைச் சுவரின் நிழல் பக்கம் கொண்டுவருவது ஆகியவை பலன் தரும்.

விலை கொடுத்து வாங்கும் தீர்வு

இவ்வளவும் பார்த்த பிறகும் வீட்டில் குழந்தைக்கோ முதியவருக்கோ நிலையான சூடு அவசியம் என்றால் தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸர் இருக்கிறது. அதற்குள் சூடு பட்டால் விரியும் மெழுகுக் குமிழ் ஒன்று உண்டு. கலவை சுட்டால் குமிழ் விரிந்து வெந்நீர் வாயிலைக் குறுக்கும். குளிர்ந்தால் சுருங்கி அகலத் திறக்கும். பெரும்பாலான மாதிரிகளில் 38 டிகிரியில் ஒரு தடைப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தாமல் மேலே திருப்ப முடியாது. பச்சைத் தண்ணீர் அடியோடு நின்றுபோனால் வெந்நீரையும் நிறுத்திவிடும். இன்னொரு வகை, அழுத்தத்தை மட்டும் சமன் செய்வது: ஒரு பக்கம் தாழ்ந்தால் மறுபக்கத்தையும் அதே அளவு குறைக்கும். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் கட்டிட விதிகள் ஷவருக்கு இந்த இரண்டில் ஒன்றைக் கட்டாயமாக்கியிருக்கின்றன.

நம் வீடுகளில் வாங்குமுன் பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். ஒரு பார் கேட்கும் மிக்ஸரை, தொட்டிக்கு இரண்டு மீட்டர் கீழே இருக்கும் மேல்மாடிக் குளியலறையில் மாட்டினால் சூடு நிலையாக இருக்கும், தண்ணீர்தான் சொட்டும். அந்த வீட்டில் பணத்தை முதலில் இரண்டு குழாய்களுக்கும் பொதுவான பம்ப்பில் போட வேண்டும், மிக்ஸர் அதன்பிறகு. வாடகை வீட்டில் இருப்பவர் ஷவர் தலையைக் கழுவி, வால்வுகளைத் திறந்துவிட்டு, கீசர் திருகை 55க்கு இறக்கிவைத்து, கடத்தல் சோதனையின் முடிவை வீட்டுக்காரரிடம் சொல்லலாம்; பிளம்பர் சுவரை உடைக்க வேண்டுமா வேண்டாமா என்பது அந்தச் சோதனையிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.